மஞ்சள் தண்ணி பட்ட ஹார்ப்சிகார்ட்

மேடைக்குப் பின்னால் ஓடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன். ஆனால் நான் ஓடுவேன். ஈப்போவில் மேடை நிர்வாகியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மைக் ஒயர் யார் காலில் மாட்டப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், சாப்பாடு இறங்காது. இந்த வேலைக்கு வந்துவிட்டீர்கள், உங்களுக்கும் இது ஒட்டிக்கொள்ளும். முகத்தைச் சுளிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

விளக்கு, திரை, ஒலிப்பெட்டி இதற்கெல்லாம் வகுப்பெடுக்க ஆள் இருக்கிறது. அந்தக் கழுதைப் பாரத்தை நான் தூக்கப் போவதில்லை. ஒரே ஒரு பிற்பகலைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே யோசியுங்கள்.

எங்கள் ஊர் ஆர்க்கெஸ்ட்ரா உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் பள்ளி ஆசிரியர்கள், சிலர் டாக்டர்கள், ஒருவர் பல் கட்டுகிறவர். நடத்துகிறவர் ஒரு சீனர். எல்லோரும் 'மாஸ்டர்' என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வீட்டில் 'கண்டக்டர் திட்டிட்டாரு' என்று சொல்லப் போக, எந்த பஸ்ஸில் என்று அம்மா கேட்டாள். அதிலிருந்து எனக்கும் அவர் மாஸ்டர்தான்.

அந்த வருஷம் கஸ்தூரி என்ற பெண் எங்களோடு ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒருவர் முன்னால் இருந்து ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற உருப்படி, வாசிப்பதாக ஏற்பாடு. பீடோர்க்காரி. வெளிநாட்டில் போய் ஹார்ப்சிகார்ட் படித்துவிட்டு வந்து, ஈப்போவில் ஒரு இசைக் கடையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹார்ப்சிகார்ட் என்றால் பியானோவுக்கு முந்திய வாத்தியம். பார்க்கப் பியானோ மாதிரிதான், ஆனால் உள்ளே சுத்தியல் கிடையாது. விரல் வைக்கும் சாவியை அழுத்தினால் மெல்லிசான ஒரு மரச்சில்லு மேலே துள்ளி, அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள்ளால் கம்பியைச் சுண்டிவிட்டுக் கீழே விழும். அதற்கு அவர்கள் ஏதோ பெயர் சொன்னார்கள். நாங்கள் 'துள்ளி' என்று வைத்துக்கொண்டோம். முழு வாத்தியத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'பொட்டி'.

முந்நூறு வருஷத்துக்கு முந்திய பரோக் காலத்தில் இந்தப் பொட்டி பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துணை வாசிக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கஸ்தூரி எடுத்துக்கொண்ட கான்செர்ட்டோவில் அது முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். முதல் பகுதி முடியப் போகிற நேரத்தில் வயலின் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வாயை மூடிக்கொண்டு கேட்க, இது மட்டும் தனியாக நீளமாக வாசிக்கும். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

கமிட்டிக்கு இதில் இஷ்டமில்லை. 'கீபோர்டுதானே, என் மக கிட்ட ஒன்னு சும்மாதான் கெடக்கு' என்று செயலாளர் கூட்டத்திலேயே சொன்னார். கஸ்தூரி விடாமல் நடையாய் நடந்து கேட்டு, ஒரே ஒரு நிகழ்ச்சிக்குச் சம்மதம் வாங்கினாள். நன்றாகப் போனால் வருஷா வருஷம் வைக்கலாம்; கெட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. பேராக் மாநிலத்தில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஹார்ப்சிகார்டே கிடையாது. கோலாலம்பூரில் ஒருவரிடம் தன் பொறுப்பில் என்று சொல்லித்தான் இரவல் கேட்டிருந்தாள். இந்தப் பிற்பகல் போச்சென்றால் அந்தப் பிள்ளை படித்த படிப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான்.

மண்டபம் கிடைத்தது சரஸ்வதி பூசை அன்றைக்கு. கஸ்தூரியின் அம்மா பீடோரிலிருந்து போன் போட்டுப் போட்டுப் புலம்பினார். அன்றைக்கு வாத்தியத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும், தொடவே கூடாது என்று. 'மண்டபத்துக்காரன் கிட்ட சொல்லிப் பாருங்கம்மா' என்று கஸ்தூரி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு சரி.

பொட்டியை ஏற்றி வந்தது மாரியண்ணன். பீடோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டதும் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து லாரி வாங்கியவர். எங்கள் பியானோக்களை எல்லாம் அவர்தான் ஏற்றி இறக்குவார். ஒரு கீறல் விழுந்ததில்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறவர் போலத் தூக்குவார். முதல் நாளே கோலாலம்பூர் போய் எடுத்து வந்து, லாரிக்குள்ளேயே கம்பளி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து, காலையில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கம்பளியை விலக்கினால் மூடியின் ஓரத்தில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஸ்தூரி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் பேசியது.

நண்பகலில் ஒத்திகை. மாஸ்டர் கையைத் தூக்கினார், ஆரம்பித்தார்கள். தனி வாசிப்பு வந்ததும் ஒரு ஸ்வரம் ஒரு தடவை ஒலித்தது. மறுதடவை ஊமை. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. சாவி கீழே போகிறது, சத்தம் வரவில்லை. கஸ்தூரி நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் போனாள். பல் விழுந்த வாயால் பேசுவதுபோல இருந்தது. கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அலாமாக்," என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

கஸ்தூரி எழுந்து, துள்ளிகளை மேலிருந்து அடக்கும் உள்கட்டையைக் கழற்றி, துள்ளி ஒன்றை உருவினாள். விளக்கில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மரம் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள். மஞ்சள் வாசனைகூடப் போகவில்லை. உப்பின மரம் மேலே போகும், கீழே இறங்காமல் சிக்கிக்கொள்ளும். காலையில் ஒழுங்காக இருந்தது, ஊற ஊற, மதியத்தில் ஊமையானது அதனால்தான்.

செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் புரிந்துபோயிற்று. "எங்க அந்த லாரிக்காரன்?" என்று வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகக் கிளம்பினார். நான் குறுக்கே போய் நின்றேன். "சார், நீங்க அங்க போவ வேணாம். நான் கேக்கிறேன்."

"நீ என்னத்தக் கேப்ப? நாலு அறை குடுக்கணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நான் முதன்முதலில் வேலை பார்த்த மேடை நிர்வாகி பெரிய கத்தல்காரர். கையில் இருப்பதை வீசுவார். ஒரு தடவை வாக்கி டாக்கியையே வீசினார். அவரிடம் ஆட்கள் பயந்து, எதுவும் சொல்ல மாட்டார்கள். திரைக் கயிறு பிரிந்திருக்கிறது என்று மூன்று பேருக்குத் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திரை பாதி நாடகத்தில் கீழே வந்தது. யாருக்கும் அடிபடாதது அவர் செய்த புண்ணியம் இல்லை. நீங்கள் கத்தலாம், நானும் கத்துவேன். ஆனால் தெரிய வேண்டிய விஷயம் இன்னொருவர் வாயில் இருக்கும்போது கத்தாதீர்கள். அது உள்ளேயே போய்விடும்.

மாரியண்ணன் மேடை வாசலில் படிக்கட்டில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் தே ஓ, பாலில்லாத தேத்தண்ணி, வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நானும் படியில் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் தகதகவென்று எரிகிறது. முகத்தை மட்டும் சும்மா வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, காலையில ஆயுத பூசை போட்டீங்களா?"

"போடாமயாம்மா? லாரிக்கும் போட்டேன், பொட்டிக்கும் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் லாரிய எடுத்தேன்."

"பொட்டியத் தொறந்தீங்களாண்ணே?"

"தொறந்தேன்லா. உள்பக்கம் பூவெல்லாம் வரைஞ்சி எம்புட்டு அழகா இருக்கு! சாமி கும்புடுறப்ப மூடி வெக்கிறது நல்லாவா இருக்கும்?"

"தண்ணி தெளிச்சீங்களா?"

உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். "ஏம்மா? என்னாச்சு?"

"மொதல்ல சொல்லுங்கண்ணே. கோவிச்சுக்க மாட்டேன்."

"தெளிச்சேன். மாவெலையில மஞ்சத்தண்ணி. தோட்டத்துல ரப்பர்ப் பால் வெட்டுற கத்திக்கே பொட்டு வெச்சி தண்ணி தெளிப்போம். இது சரஸ்வதி கை வெக்கிற சாமான். இதுக்குப் போடாம எதுக்குப் போடுறது?"

"எந்தப் பக்கம் தெளிச்சீங்க? நல்லா நெனச்சிப் பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். எதிரே பொட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு, கையை வீசிக் காட்டினார். "இங்க நின்னேன். நடுவுல தெளிச்சேன், கொஞ்சம் வலப்பக்கம். எடப்பக்கம் போவல. அங்க என் வீட்டுக்காரி சூடத் தட்டோட நின்னா."

அதுதான் எனக்கு வேண்டியது. முழுப் பொட்டியையும் பிரித்துக் காய வைக்க நேரம் கிடையாது. நடுப்பகுதி மட்டும் என்றால் முயன்று பார்க்கலாம். செயலாளர் வந்து நாலு அறை கொடுத்திருந்தால் 'நான் தொடவே இல்ல சார்' என்று மாரியண்ணன் சொல்லியிருப்பார். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், நானும் சேர்த்து.

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னேன். தே ஓ பை கையிலிருந்து நழுவிப் படியில் கொட்டியது. தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனேம்மா! நல்லா இருக்கணும்னுதானே கும்புட்டேன்!"

"அழுவாதீங்க. உங்க தோள்ல கெடக்கிற துண்டு சுத்தமா?"

"பூசைக்குத் தொவைச்சதும்மா."

"வாங்க."

கஸ்தூரி மேடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "அம்மா சொன்னாங்கக்கா. இன்னிக்குத் தொடாதடின்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "அம்மாவ நாளைக்குப் பாத்துக்கலாம்! தண்ணி பட்டா மரம் ஊறும், அம்புட்டுத்தான். நடுவுலதான் பட்டிருக்கு. கழட்டு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கழற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு துள்ளிக்கும் அதற்கென்று ஒரு குழி; மாறிப்போனால் அவ்வளவுதான். மாரியண்ணன் துண்டை விரித்து, இரண்டு முனையையும் முழங்காலால் அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். அவள் உருவி உருவி அதில் வரிசையாக வைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை நான்.

அப்போது செயலாளர் எங்கிருந்தோ முடி உலர்த்தும் மெஷினோடு ஓடிவந்தார். உதவி செய்யத்தான் வந்தார், பாவம். "ஐயோ வேணாம் சார்!" என்று கஸ்தூரி கத்தினாள். சூடு பட்டால் மரம் கோணிக்கொள்ளுமாம். ஏர்கான் காற்றில் தானாகக் காய வேண்டும், வேறு வழியில்லை. காய்ந்ததைப் பென்சில் கரியால் தேய்த்துத் திரும்பப் போடலாம். அதாவது, ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். நம் வேலையிலேயே மகா கொடுமை அதுதான். ஓடலாம், தூக்கலாம், ஆணி அடிக்கலாம். ஒரு மரத்துண்டு காய்கிறவரை சும்மா இருக்க வேண்டும் என்றால் உயிர் போகிறது. நான் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கூரையில் மழை கொட்டுகிறது. முன்வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்கிறது. தாப்பாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றுவிட்டது.

செயலாளர் பின்னாலேயே வந்தார். "கீபோர்ட எடுத்தாரச் சொல்லிட்டேன். ஹார்ப்சிகார்ட் சத்தம் அதுலயும் வரும்லா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும் சார்."

"மண்டபப் பூட்டு தொறக்கிறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா கீபோர்டுதான்."

கஸ்தூரியிடம் போய்க் குனிந்தேன். "முடியுமா? சமாதானத்துக்குச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

பென்சிலைக் கீழே வைத்தாள். விரலெல்லாம் கரி. "எல்லாம் வந்துருச்சுக்கா. ஒன்னு மட்டும் ரொம்ப ஊறிப்போச்சு, எறங்க மாட்டேங்குது. தனியா வாசிக்கிற எடத்துல அது திரும்பத் திரும்ப வரும். கீழ்க்கோடியில ஒரு சாவி இருக்கு, இந்தக் கான்செர்ட்டோவுல அதுக்கு வேலயே இல்ல. அதோட துள்ளியக் கழட்டி இதுல போட்டிருக்கேன். நிக்குமா நிக்காதான்னு தெரியல."

தெரியல என்று சொன்னாள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. நிற்கும் நிற்கும் என்று சொல்லியிருந்தால் கீபோர்டையே கொண்டுவரச் சொல்லியிருப்பேன். கதவைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மூடி உயர்ந்திருந்தால் அவர் நிற்கும் இடத்திலிருந்து கஸ்தூரியின் கைகள் தெரியாது. நான் நிற்கிற பக்கத் திரை இடுக்கிலிருந்து நன்றாகத் தெரியும். தனி வாசிப்பில் அந்த ஸ்வரம் செத்துப்போனால், ஆர்க்கெஸ்ட்ராவை முன்னதாகவே உள்ளே இழுத்து அந்த இடத்தை மூடிவிடுவதாகச் சொன்னார். வாசிக்கிறவர்களிடமும் சொல்லி வைப்பதாகச் சொன்னார். "நீ அவ கையப் பாரு. நான் உன்னப் பாக்கிறேன். போலே?" மாஸ்டருக்கு அவ்வளவு தமிழ் வரும்.

"போலே," முடியும் என்று நானும் மலாயிலேயே சொன்னேன்.

ஆரம்பித்தார்கள். வயலின்களோடு சேர்ந்து பொட்டி ஓடியது, மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரவல் துள்ளி வேலை செய்தது. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கஸ்தூரி தனியாகப் புறப்பட்டாள். மண்டபம் முழுக்க இருமல்கூட இல்லை. முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு.

பாதியில் அந்த ஸ்வரம் செத்தது.

ஒரு தடவை இடைவெளி விழுந்தது. இரண்டாம் தடவை விழுந்தபோது முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். வில்லெல்லாம் கம்பிக்கு மேலே வந்து நின்றன. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும். பத்துப் பேர் சேர்ந்து அவளை மூடிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோருக்கும் மானம் தப்பும்.

நான் அவள் கையைப் பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை, அவள் முகத்தைக்கூட. முகம் பொய் சொல்லும். மூன்றாம் முறை அந்த ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் விரல் அந்தச் சாவிக்குப் போகவேயில்லை. தாவி, மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரத்தை எடுத்தது. அடுத்த தடவை கீழ் ஸ்தாயியில். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில், நேரம் பிசகாமல். எழுதி வைத்த மாதிரியே இல்லை. ஆனால் தவறு என்று யாராலும் சொல்ல முடியாது.

மாஸ்டரைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினேன். வேண்டாம். அவர் கண்ணை விரித்தார். நான் மறுபடியும் ஆட்டினேன். அவர் கை கீழே இறங்கியது. வில்லெல்லாம் இறங்கின. அவள் தானாக முடிக்கிற இடம்வரைக்கும் தனியாகவே போனாள். அப்புறம்தான் ஆர்க்கெஸ்ட்ரா உள்ளே வந்தது. அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. திரைத் துணியில் துடைத்துக்கொண்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், கறை போகாது.

முடிந்ததும் தாப்பா பிள்ளைகள் காலைத் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தார்கள். செயலாளருக்கு வாயெல்லாம் பல். பின்னால் வந்து, "அடுத்த வருஷமும் வெச்சிருவோம்" என்று கஸ்தூரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர் கையத் தூக்கினாரு. நான் பாத்தேன். அப்புறம் ஏன்க்கா எறக்கிட்டாரு?"

"நான்தான் வேணாம்னேன்."

"அவங்க உள்ள வந்திருந்தா நான் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிருப்பேன்க்கா," என்றாள். என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். கரிக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் முடியவில்லை. மாரியண்ணன் கம்பளியும் கயிறும் எடுத்துக்கொண்டு மேடை வாசலில் வந்து நின்றிருந்தார். தனி வாசிப்பு நடந்தபோது அவர் உள்ளே இல்லை. மழையில் லாரிக்குப் பக்கத்தில் நின்றாராம். சட்டை ஈரமாக இருந்தது.

செயலாளர் அவரைப் பார்த்தார். "நீ போப்பா. கோலாலம்பூர்லருந்து வேற லாரி வரச் சொல்லிட்டேன். இனிமே இந்த வேலைக்கு நீ வேணாம்."

மாரியண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. "அவரு சொல்றது சரிதான்மா," என்று என்னிடம் சொன்னார். கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கஸ்தூரி முந்திக்கொண்டாள்.

"சார், பொட்டி எம் பொறுப்புல வந்தது. வேற லாரி வேணாம்னு சொல்லிருங்க. அண்ணே, நீங்க ஏத்துங்க."

"வேணாம்மா. எனக்குக் கையி ஓடல."

அவள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள். வாசலை ஒட்டி நின்ற லாரியின் முன்கதவைத் திறந்து, படியில் கால் வைத்து ஏறி, ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"நானும் வாரேன்ணே. ஓனர் வீட்டுக்குப் போயி, நடந்தத நம்ம ரெண்டு பேருமா சேந்து சொல்லுவோம். தனியா சொல்ல எனக்குப் பயமா இருக்கு. வாங்க, போலாம்."

மாரியண்ணன் செயலாளரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து கயிற்றை எடுத்தார்.